அந்த பம்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டிய மருந்தை இன்ஃப்யூஷன் பம்ப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடுகிறது. நர்ஸ் கவனித்து நிறுத்துகிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்லவேளை" என்று வேறு பம்ப் மாட்டுகிறார்கள். பழையதைக் கம்பெனி ஆள் எடுத்துப் போகிறார். எங்கும் ஒரு வரி பதிவாகவில்லை.

யாருக்கும் பாதிப்பில்லை என்பதால் பதிவு செய்யாமல் விடுவது முதல் தவறு. அடுத்த வார்டில் அதே மாடல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே கவனிக்க ஆள் இல்லாமல் போகலாம்.

அதைவிடப் பெரிய தவறு, சாதனத்தைக் கைவிடுவது. கத்தீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) உடைந்தால் குப்பைக்குப் போகிறது, அதன் உறையும் கூடவே போகிறது. எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பர் அந்த உறையில்தான் இருக்கும். அது இல்லாமல், கோளாறு அந்த ஒன்றில் மட்டுமா, முழுத் தொகுதியிலுமா என்று யாராலும் சொல்ல முடியாது. மாடல், சீரியல் அல்லது லாட் நம்பர், பம்ப்பில் வைத்திருந்த அளவு எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுங்கள். அப்புறம் சாதனத்தைத் தனிப் பையில் போட்டு, பெயரெழுதிப் பூட்டி வையுங்கள்.

"சாதனம்தான் காரணம் என்று உறுதியாகட்டும்" என்று காத்திருப்பதும் வேண்டாம். டிபியு நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் செயற்கை இடுப்பு மூட்டை நினைத்துப் பாருங்கள். மறு அறுவை செய்த ஒரு மருத்துவருக்கு அது ஒரு நோயாளியின் பிரச்சினையாகத்தான் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேட்டில் இப்படிப்பட்ட மறு அறுவைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தபோதுதான் அளவுக்கு மீறிய தோல்வி தெரிந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். சந்தேகம் இருந்தாலே எழுதலாம்.

பழி நம் மேல் விழுமோ என்ற பயம் நர்ஸ்களிடம் அதிகம், அது நியாயமான பயம்தான். ஆனால் இந்தியாவில் 2015 முதல் நடக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் (மருத்துவச் சாதனப் பாதுகாப்புக் கண்காணிப்பு) திட்டத்தின் படிவத்தைக் கொடுப்பது தவறை ஒப்புக்கொண்டதாகாது. படிவத்திலேயே அப்படிப் போட்டிருக்கிறது. பட்டனை மாற்றி அழுத்தியதால் நடந்திருந்தாலும் எழுதுங்கள். பலர் ஒரே பட்டனில் தவறினால், வடிவமைப்பையும் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்குச் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தத் திட்டத்தை நடத்தும், காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷனுக்குத் தகவல் போக வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் தாறுமாறாகக் காட்டினால் நோயாளியோ குடும்பத்தாரோ 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். ஸ்டென்ட், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தச் சாதனத்தின் மாடல், சீரியல் நம்பர் உள்ள அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள்.