ஐந்தில் மூன்று: விளக்கத்துக்கு முன் கணக்கு

"1787-ல் கறுப்பினத்தவரை ஐந்தில் மூன்று பங்கு மனிதராகத்தான் மதித்தார்கள்." அமெரிக்க வரலாற்று வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி எழுதும் வரி இது. அவர்கள் கோபம் நியாயம், தகவல் தவறு. 1787-ல் ஃபிலடெல்பியா மாநாட்டில் எழுதிய அரசமைப்பு, மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் அவையில் இடம் பகிரும்போது அடிமைப்பட்டவர்களின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் சேர்க்கச் சொன்னது. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர் முழு ஆளாகவே எண்ணப்பட்டார்கள். அடிமைப்பட்டவர்களையும் முழுசாக எண்ணச் சொன்னது அவர்களை அடிமையாக வைத்திருந்த தென் மாநிலங்கள்தான். தலை கூடினால் பிரதிநிதிகள் அவையில் இடம் கூடும். இதை வாயால் சொன்னால் அடுத்த வாரமே மறந்துவிடும். கணக்குப் போட வைத்தால் மனத்தில் நிற்கும். எட்டாம் வகுப்புக்கு 50 நிமிடப் பாடவேளை இரண்டு போதும்.

முதல் நாள் மூன்று பேருக்கு ஒரு தாள், ஒரு கால்குலேட்டர். தாளில் 1790 கணக்கெடுப்பிலிருந்து இரண்டே மாநிலங்கள்:

வர்ஜீனியா: மொத்தம் 7,47,610. அதில் அடிமைப்பட்டவர்கள் 2,92,627.
பென்சில்வேனியா: மொத்தம் 4,34,373. அதில் அடிமைப்பட்டவர்கள் 3,737.

கீழே 1792-ன் விதி: 33,000 பேருக்கு ஓர் இடம், மீதியை விட்டுவிட வேண்டும். அடிமைப்பட்டவர்களை எண்ணாமல் ஒருமுறை, ஐந்தில் மூன்று பங்கு எண்ணி ஒருமுறை, முழுசாக எண்ணி ஒருமுறை என மூன்று விதமாகப் போடச் சொல்லுங்கள். வர்ஜீனியாவுக்கு 13, 19, 22 என்று வரும். பென்சில்வேனியாவுக்கு மூன்று தடவையும் 13-தான்.

இங்கே அவசரப்படாதீர்கள். சுதந்திரமானவர்கள் வர்ஜீனியாவில் 4,54,983, பென்சில்வேனியாவில் 4,30,636, கிட்டத்தட்ட சமம். அப்படியானால் 13, 19 ஆனதே, அந்த ஆறு இடம் எங்கிருந்து வந்தது? கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், பதில் மாணவர்கள் வாயிலிருந்தே வரட்டும். பிறகு இரு பக்கமும் செனட்டர் இருவரைக் கூட்டச் சொல்லுங்கள்; அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஒரு மாநிலத்துக்கு அத்தனை பேர்தான். 1792 அதிபர் தேர்தலில் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர் வாக்கு, பென்சில்வேனியாவுக்கு 15. அந்த 2,92,627 பேரில் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது.

வழக்கமாக இடறும் இடம், வர்ஜீனியாவின் முதல் கணக்கில் வரும் 13.79-ஐ மாணவர்கள் 14 ஆக்கிவிடுவது. திருத்துவதோடு விடாமல் அதையே குடிமையியல் பாடமாக்கலாம். காங்கிரஸ் முதலில் மீதி அதிகமிருந்த மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் தந்து, 120 இடங்களுக்கு மசோதா நிறைவேற்றியது. 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது என்கிறது அரசமைப்பு. எட்டு மாநிலங்களில் அந்த வரம்பு மீறியது. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1792 ஏப்ரல் 5 அன்று அதைத் திருப்பி அனுப்பினார். அமெரிக்காவின் முதல் வீட்டோ இதுதான். மாசசூசெட்ஸைச் சேர்ப்பதாக இருந்தால் மெய்ன் பகுதியின் 96,540 பேரையும் கூட்டுங்கள். 1820 வரை அது மாசசூசெட்ஸோடு இருந்தது. விட்டால் 14 வரவேண்டிய இடத்தில் 11 வரும்.

இரண்டாம் நாள் மூல வாசகம். அரசமைப்பின் முதல் உறுப்பு, இரண்டாம் பிரிவைக் கொடுத்து, 'அடிமை' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். தேடித் தேடிப் பார்ப்பார்கள், இருக்காது. 'மற்ற ஆட்கள்' என்றுதான் இருக்கும். பக்கத்திலேயே 1868-ன் 14-ஆம் திருத்தம், இரண்டாம் பிரிவு. இனி, வரி கட்டாத பூர்வகுடிகள் தவிர, எல்லோரும் முழு எண்ணிக்கை. அதனால் தெற்குக்கு இடம் கூடியது. பின்னாளில் அதே தெற்கு கறுப்பினத்தவரை ஓட்டுப் போடவிடாமல் தடுத்தது. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஏலம், எஜமான், அடிமை என்று நடிக்க மட்டும் வைக்காதீர்கள். வகுப்பிலுள்ள கறுப்பினக் குழந்தைகளை அது காயப்படுத்தும், கற்பிப்பது ஒன்றுமில்லை. விவாதம் வேண்டுமானால் ஃபிலடெல்பியா மாநாட்டுப் பேச்சுகளை, அங்கே பிரதிநிதியாக இருந்து குறிப்பெடுத்த ஜேம்ஸ் மேடிசனின் குறிப்புகளிலிருந்து எடுத்து வாசிக்க வையுங்கள். 1787 ஆகஸ்ட் 8 அன்று பென்சில்வேனியாப் பிரதிநிதி கூவர்னூர் மோரிஸ் (Gouverneur Morris) எழுப்பிய கேள்வி அருமையானது: அடிமைப்பட்டவர்கள் மனிதர்களா, அப்படியானால் குடிமக்களாக்கி ஓட்டுரிமை கொடுங்கள்; சொத்தா, அப்படியானால் வேறு எந்தச் சொத்தையும் ஏன் எண்ணவில்லை?

வீட்டுப்பாடம்: 2020 கணக்கெடுப்புக்குப் பின் தங்கள் மாநிலத்துக்கு 435-ல் எத்தனை இடம் கிடைத்தது என்று பார்த்து வருவது. நியூயார்க் வெறும் 89 பேர் குறைந்ததால் ஓர் இடத்தை இழந்தது என்றால் ஆர்வமாகத் தேடுவார்கள்.

வகுப்பு முடியும்போது சிறு தாளில் ஒரே கேள்வி: முழுசாக எண்ணச் சொன்னது யார், ஏன்? இரண்டு எண்களோடு பதில் எழுத வேண்டும். 13-ஐயும் 22-ஐயும் எழுதிக் காரணம் சொன்னவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள். எண் இல்லாமல் கோபம் மட்டும் எழுதியவருக்கு முதல் நாள் தாளை மறுபடி கொடுங்கள்.