வீட்டிலிருந்து மோட்டார் ரூம் வரை நெட்: காப்பரா, ஃபைபரா?

தோப்பில் இருக்கிற மோட்டார் ரூமுக்கு ஒரு கேமரா போட்டேன். வீட்டிலிருந்து 118 மீட்டர். ஒரே கேபிளில் நெட்டும் கரண்டும் போகிற பிஓஇ கேமரா. பகலெல்லாம் படம் பளிச்சென்று வரும். பொழுது சாய்ந்தால் கேமரா காணாமல் போய்விடும். மூன்று நாள் கேமராவையே திட்டினேன். கோளாறு கேபிளில். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், அத்தனை நீளக் கம்பியில் வோல்டேஜ் இறங்கிவிடும். அன்று பட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அளந்து பாருங்கள்

கண்மதிப்பு வேண்டாம். சுவரில் ஏறி இறங்கும் இடம், மூலை திரும்பும் இடம் எல்லாம் சேர்த்து, கேபிள் போகும் வழியிலேயே கயிறு போட்டு அளங்கள். ஏற்கெனவே இழுத்த கேபிள் என்றால் உறைமேல் மீட்டர் எண் அச்சாகியிருக்கும். ஒரு முனையில் 212, மறுமுனையில் 94 என்றால் 118 மீட்டர். சிலவற்றில் அடிக்கணக்கு இருக்கும், கவனம்.

படி 2: காப்பர் போதுமா?

காப்பர் கேபிளில் ஓடும் ஈதர்நெட்டுக்கு (கேபிள் வழி நெட்) எல்லை 100 மீட்டர். அதில் 90 மீட்டர் நிலையாகப் பதிக்கும் கேபிளுக்கு. மிச்சம் 10 மீட்டர் இரு முனைகளிலும் செருகும் பேட்ச் கார்டுகளுக்கு. "கேட் 6 போட்டால் தூரம் கூடும் சார்" என்று கடையில் சொல்வார்கள். கேட் என்பது கேபிளின் தரவகை. அதனால் தூரம் கூடிவிடாது. 1 ஜிகாபிட் வேகத்தில் கேட் 5இ, கேட் 6 இரண்டுக்கும் அதே 100 மீட்டர்தான். 10 ஜிகாபிட் என்றால் கேட் 6 சுமார் 55 மீட்டரோடு நின்றுவிடும். கேட் 6ஏ 100 மீட்டர் வரை தாங்கும்.

130 மீட்டரிலும் லைட் மினுக்கும், சில நேரம் நெட்டும் ஓடும். அதை நம்பி சுவரைப் பூசிவிடாதீர்கள். நீளம் கூடக்கூட சிக்னல் தேயும், பக்கத்து ஜோடிக் கம்பியின் இரைச்சல் அதை மூடிவிடும்.

கம்பியை பிளேடால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பைவிட மின்தடை அதிகம். என் கேபிளும் அதுதான். பிஓஇ-க்கு இதைத் தொடவே தொடாதீர்கள்.

90 மீட்டரைத் தாண்டினால் நான் யோசிப்பதே இல்லை, ஃபைபர்தான், அதாவது ஒளியில் நெட் ஓடும் கண்ணாடி இழைக் கேபிள். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்து இன்னொரு 100 மீட்டர் ஓட்டலாம். ஆனால் தோப்பு நடுவே அதற்குக் கரண்டும் மழைப்பெட்டியும் யார் வைப்பது?

படி 3: ஃபைபர் கணக்கு

ஃபைபரில் சிங்கிள் மோட் (ஒரே ஒளிப்பாதை உள்ள இழை) வாங்குங்கள். 1310 நானோமீட்டர் ஒளிக்கு இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் (ஒளி எவ்வளவு தேய்கிறது என்பதன் அளவு). 200 மீட்டருக்கு 0.07. ஒன்றுமே இல்லை! ஆனால் சரியாகத் துடைக்காத ஒரே கனெக்டர் 0.5 டெசிபலுக்கு மேலும் தின்னும். வீட்டுக்கு வரும் ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துத் தரும்) இணைப்பிலும் இதே கதைதான்: 20 கிலோமீட்டர் ஃபைபர் தின்பது 7 டெசிபல், 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் தின்பது சுமார் 17.

படி 4: மாட்டுவது

இரு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியையும் காப்பரின் சிக்னலையும் மாற்றித் தரும் பெட்டி) வேண்டும். ஒற்றை ஃபைபரில் ஓடும் வகையில் ஒரு பெட்டி ஏ வகை, மற்றது பி வகை. இரண்டும் ஏ வாங்கிவந்தால் லிங்க் வராது. பச்சை நிறக் கனெக்டரை நீல நிறக் கனெக்டரோடு செருகாதீர்கள். இழையை மடக்கிக் கட்டாதீர்கள், முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். ஸ்பிளைஸ் அடிக்க (இழைகளை உருக்கி ஒட்ட) மெஷின் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் வந்துசேரும் ஒளியைப் பவர் மீட்டரில் (ஒளியை அளக்கும் கருவி) பார்த்து, கன்வெர்ட்டரின் விவரத்தாளில் உள்ள குறைந்தபட்ச அளவைவிட 3 டெசிபலாவது மேலே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஃபைபரில் கரண்ட் போகாது. கேமராவுக்கு மோட்டார் ரூமிலேயே பிளக் வேண்டும். மின்னலும் கண்ணாடி இழையில் வராது. ஆனால் கேபிளோடு ஓடும் இரும்புக் கம்பியில் வரும். அதை வெளியிலேயே வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.