அக்சஸ் படிவத்தில் எஸ்கேப் விசை: தட்டச்சு செய்தது பறிபோகாமல் காப்பது எப்படி?

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் அக்சஸில் படிவம் தயாரித்து மற்றவர் கையில் கொடுக்கும் முன் எஸ்கேப் விசையைச் சோதித்துப் பாருங்கள். ஒருமுறை அழுத்தினால், கர்சர் நிற்கும் புலத்தில் (தகவல் நிரப்பும் கட்டத்தில்) செய்த மாற்றம் மட்டும் நீங்கும். மறுமுறை அழுத்தினால், இன்னும் சேமிக்காத பதிவு, அதாவது அந்த ஒருவருக்காக நிரப்பிய விவரங்களின் மாற்றம், மொத்தமும் போய்விடும். அக்சஸ் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நூலக உறுப்பினர் படிவத்தில் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் நிரப்பி முடித்தவருக்கு இது பெரிய அநியாயம்.

இதைச் சரிசெய்யப் பலர் நேரே விசைப்பலகை நிகழ்வுக்கு (விசை அழுத்தும்போது ஓடும் நிரலுக்கு) போய் எஸ்கேப் விசையையே முடக்கிவிடுகிறார்கள். அது சரியான இடம் அல்ல. காம்போ பாக்ஸில் விரிந்த பட்டியலை மூடவும் அதே விசைதான் வேண்டும். மேலும், பதிவை ரத்து செய்யக் கண்ட்ரோல் + இசட், மேலே உள்ள அண்டூ பொத்தான் என்று வேறு வழிகளும் திறந்தே கிடக்கின்றன. எல்லா வழிகளும் வந்து சேரும் ஒரே வாசல் படிவத்தின் 'ஆன் அண்டூ' நிகழ்வு. 'உண்மையாகவே ரத்து செய்யவா?' என்ற கேள்வியை அங்கே கேட்க வேண்டும்.

படி 1. படிவத்தை டிசைன் வியூவில் திறந்து எஃப்4 அழுத்துங்கள். பிராப்பர்ட்டி ஷீட் வரும். மேலே உள்ள பட்டியலில் 'ஃபார்ம்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் தேர்வாகியிருந்தால் நிரல் தவறான இடத்தில் போய் உட்காரும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

படி 2. 'ஈவென்ட்' பகுதியில் 'ஆன் அண்டூ' வரிக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, 'கோட் பில்டர்' தேர்ந்தெடுங்கள். திறக்கும் செயல்முறையின் அடைப்புக்குறிக்குள் 'கேன்சல்' என்ற மாறி இருக்கும். அதுதான் நம் கைப்பிடி. ஆம், இல்லை என்ற இரு பொத்தான்களுடன் ஒரு மெசேஜ் பாக்ஸ் காட்டுங்கள். பதில் 'இல்லை' என்றால் 'கேன்சல்' மாறிக்கு 'ட்ரூ' என்ற மதிப்பைக் கொடுங்கள். ரத்து நின்றுவிடும், தட்டச்சு செய்தது அப்படியே இருக்கும்.

கேள்வியைத் தமிழில் எழுத ஆசைப்பட்டால் ஒரு தடங்கல் உண்டு. விபிஏ (அக்சஸின் நிரல்மொழி) நிரல் எழுதும் சாளரம் யூனிகோடை ஏற்பதில்லை. தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். படிவத்தில் வைக்கும் லேபிள் தமிழை ஏற்கும். ஆகவே, தமிழ் லேபிளும் இரண்டு பொத்தான்களும் உள்ள சிறு படிவம் ஒன்றைத் தயாரித்து, 'டயலாக்' முறையில் (பதில் வரும்வரை நிரல் காத்திருக்கும் முறையில்) திறப்பது நல்லது. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால், தமிழ் மட்டும் தெரிந்தவர் உட்காரும் மேசையில் அந்த உழைப்பு வீண்போகாது.

படி 3. 'ரத்து செய்' என்று நீங்களே ஒரு பொத்தான் வைக்கலாம். அதன் கிளிக் நிகழ்வில், 'மீ.டர்ட்டி' (சேமிக்காத மாற்றம் இருக்கிறதா என்று சொல்லும் பண்பு) உண்மையா என்று பார்த்து, உண்மையென்றால் 'மீ.அண்டூ' என்று எழுதுங்கள். அதுவும் 'ஆன் அண்டூ' நிகழ்வைத் தூண்டுவதால் கேள்வியை மறுபடி எழுத வேண்டாம்.

படி 4. விசைப்பலகை நிகழ்வு உண்மையிலேயே தேவைப்படுவது பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளுக்கு. கை தவறி அவற்றை அழுத்தினால் படிவம் முந்தைய அல்லது அடுத்த பதிவுக்குத் தாவிவிடும். தாவும்போது பாதி நிரப்பிய பதிவு சேமிப்பாகியும் விடும். படிவத்தின் 'கீ பிரிவியூ' பண்பை 'யெஸ்' ஆக்குங்கள். அப்போதுதான் அழுத்திய விசை, புலத்துக்குப் போகும் முன் படிவத்துக்கு வரும். பிறகு 'ஆன் கீ டவுன்' நிகழ்வில், 'கீகோட்' (அழுத்திய விசையின் எண்) 33 அல்லது 34 என்றால் அதைச் சுழியமாக்குங்கள். விசையை அங்கேயே விழுங்கியதாகிவிடும்.

டேப் விசைக்கு நிரலே வேண்டாம். 'அதர்' பகுதியில் 'சைக்கிள்' பண்பைக் 'கரண்ட் ரெக்கார்ட்' என்று மாற்றினால், கடைசிப் புலத்திலிருந்து கர்சர் அதே பதிவின் முதல் புலத்துக்குத் திரும்பும்.

துணைப் படிவம் (படிவத்துக்குள் வைக்கும் மற்றொரு படிவம்) இருந்தால் ஓர் எச்சரிக்கை. முதன்மைப் படிவத்திலிருந்து துணைப் படிவத்துக்குள் கர்சர் நுழைந்த கணமே முதன்மைப் பதிவு சேமிப்பாகிவிடும். அதன்பின் எஸ்கேப் அழுத்தினாலும் 'மீ.அண்டூ' அழைத்தாலும் அந்த மாற்றம் திரும்பாது. எனவே, கட்டாயப் புலங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்ற சோதனையை முதன்மைப் படிவத்தின் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வில் (பதிவு சேமிப்பாகும் முன் நடப்பது) எழுதி, குறை இருந்தால் அங்கும் 'கேன்சல்' மாறியை 'ட்ரூ' ஆக்குங்கள்.