பிளஸ் டூ முடித்தவர் கல்லூரியைத் தேடும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ முடிவு வெளியானதும் மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி "எந்தக் காலேஜ்?" என்பதுதான். எந்தப் படிப்பு, அது எந்த வேலைக்குத் தகுதி தரும், எந்தச் சலுகையில் படிக்கலாம் என்ற மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டால், கல்லூரியைத் தேர்வது பாதி வேலையாகக் குறைந்துவிடும்.

பட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அரசுத் தேர்வுகளே பதில். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு எழுதிவிடலாம். குரூப் 1 தேர்வுக்கோ வங்கி அதிகாரித் தேர்வுக்கோ பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. அங்கே பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும் என்பதால், பி.ஏ. வரலாற்றையும் தமிழையும் இளப்பமாகப் பேசுவது அறியாமை என்றே சொல்வேன்.

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையை முடிவு செய்யும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதியைக் கூட்ட வேண்டும்: கணிதம் 80, இயற்பியல் 70, வேதியியல் 60 என்றால் 80, 35, 30 சேர்ந்து 145. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்று, கலந்தாய்வு மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடைக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை என்பதால், அண்ணனா தங்கையா என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

கலை, அறிவியல் படிப்புகளுக்கு மதுரையில் குறைவில்லை. 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி என்று பட்டியல் நீளும். அரசு உதவி பெறும் கல்லூரியில் விண்ணப்பிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பாடப்பிரிவு எய்டடா (அரசு உதவி பெறுவதா), செல்ஃப் பைனான்ஸா (சுயநிதியா) என்பதே. ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும். கட்டணம் மட்டும் வெகுவாக மாறும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது சிறு தொகையல்ல.

சட்டம் விரும்புவோர் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். ஒத்தக்கடைப் பக்கத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. கட்-ஆஃப் குறைந்தவர்கள் பாலிடெக்னிக்கை மறந்துவிடுகிறார்கள். பிளஸ் டூவில் உரிய பாடங்களைப் படித்தவர்கள் அங்கே நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்தபடியே கலைக் கல்லூரியில் சேர்பவர்கள், இடையில் விலகினால் அசல் டி.சி.யும் (மாற்றுச் சான்றிதழும்) கட்டிய பணமும் எப்படித் திரும்பும் என்பதைச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு, பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.