பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடப் போகிறீர்களா? முதலில் ஒரு போன்

சத்துணவு அமைப்பாளராக 27 வருஷம் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். இப்போது மதுரைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. 42 பேர் இருக்கிறார்கள். அதில் ஒன்பது பேர் படுத்த படுக்கை. "அக்கா, ஏதாவது செய்யணும்னு இருக்கு, என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் போன் செய்யுங்கள். ஏன் என்று கேட்டால் ஒரு புரட்டாசி அமாவாசையைச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் மாதம் ஒன்றுக்கு முன்பே தேதி கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருந்தது. நாங்களும் சமைத்து இறக்கிவிட்டோம். பதினொன்றரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஒரு அண்டா சாம்பார் சாதம், ஒரு அண்டா தயிர் சாதம், ஒரு குண்டான் கேசரி. அதை இறக்கி முடிக்கவில்லை, பின்னாலேயே ஆட்டோவில் ஐம்பது பொட்டலம் வெஜிடபிள் பிரியாணி. திதிக்காகக் கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? எங்கள் வயசாளிகளுக்கு மதியத்துக்கு அஞ்சு கிலோ அரிசி போட்டாலே மிஞ்சும். அன்றைக்கு 150 பேருக்கான சாப்பாடு இருந்தது. பொட்டலங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பி வருவதற்குள் சாம்பார் சாதம் நூல்விட ஆரம்பித்திருந்தது. பின்பக்கம் குழி வெட்டிக் கொட்டினேன். அதற்கடுத்த வாரம் துவரம்பருப்பு டின்னின் அடி தெரிந்தது.

தை, ஆடி, புரட்டாசி அமாவாசை, ஜனவரி 1, தீபாவளி, பொங்கல். இந்த நாட்களை எங்களைப் போன்ற இல்லங்களில் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் பரீட்சை, ஸ்கூல் பீஸ், வெயில் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. போனில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எந்த நாள் காலியா இருக்கு?" உங்கள் பிறந்தநாள் அமாவாசையன்று வந்தால் அடுத்த புதன்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்றால், பெயர் தெரியாத புதன்கிழமைகளிலும் யாரோ அரிசி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சாப்பாட்டை வெளியில் செய்து கொண்டு வராதீர்கள். பணத்தையோ மளிகையையோ கொடுத்து எங்கள் சமையல்காரம்மாவைச் செய்யச் சொல்லுங்கள். இங்கே பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை. பல் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெதுவடையை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு இலை ஓரமாக வைக்கும் தாத்தாவைப் பார்க்கவே பாவமாக இருக்கும். குழைய வடித்த சாதம், கீரை மசியல், ரசம், ஒரு கிண்ணம் தயிர். இதுதான் இங்கே விருந்து. இனிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு ஸ்பூன் பாயசம் போதும், மறுநாள் சுகர் பார்க்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அடுத்தது பொருள். பெரியவர்களுக்கான டயப்பரை யாரும் நினைப்பதே இல்லை, கடையில் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒன்பது பேருக்கு ஒரு நாளைக்கு மும்மூன்று என்றால் 27. ஒன்று 30 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 810, மாதத்துக்கு 24,300. அரிசி தருகிறேன் என்பவர்கள் பத்துப் பேர் இருந்தால் இதைத் தருகிறேன் என்பவர் ஒருவர்கூட இல்லை. பினாயில், துணி சோப்பு, கையுறை, வணிக சிலிண்டருக்கான காசு, கரண்ட் பில் இவையும் இதே கதைதான். கரண்ட் பில்லைக் கட்டினால் போட்டோ எடுத்துப் போட முடியாதே!

பழைய துணியில் எல்லோருக்கும் ஒரு தப்பான கணக்கு இருக்கிறது. ஜரிகை வைத்த புடவையைக் கொடுத்துவிட்டு, நைந்துபோன பருத்தி வேட்டியைக் கொடுக்க வெட்கப்படுகிறார்கள். எனக்கு அந்த வேட்டிதான் வேண்டும். நூறு தரம் துவைத்த வேட்டியை நாலாக மடித்து விரித்தால் படுக்கைப்புண் உள்ள முதுகுக்கு அதைவிட மெத்தென்று ஒன்று கிடையாது. நைட்டி தருவதாக இருந்தால் பருத்தியில், பெரிய அளவில் தாருங்கள். வாங்கியதும் முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்து, கழுத்திலும் இடுப்பிலும் நாடா வைத்துவிடுவேன். பக்கவாதம் வந்து கை தூக்க முடியாத பாட்டிக்கு முன்னாலிருந்து கையை நுழைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து நாடாவைக் கட்டினால் போதும். வலி இல்லை, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியதில்லை. தையல் மிஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இப்படித் தைத்துக் கொண்டுவந்தால் காலில் விழுவேன். பட்டன் இல்லாத சட்டை, ஒற்றைச் செருப்பு, தேதி முடிந்த மாத்திரை இதெல்லாம் வேண்டாம். அவற்றைப் பிரித்துக் குப்பையில் போடவே எனக்கு அரை நாள் ஆகிறது.

பணமாகத் தருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தர வேண்டாம். முதியோர் இல்லம் என்றால் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். காகிதம் சரியாக இருந்தாலும் ஒரு நாள் நேரில் போய்க் கழிப்பறைப் பக்கம் நடந்து பாருங்கள், மூக்கு சொல்லிவிடும். அப்புறம் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். ஒழுங்கான இடம் என்றால் எடுத்து நீட்டுவார்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வேண்டும் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், செக்கோ ஆன்லைனோதான் செல்லும். அதுவும் பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு மட்டும்.

பணமும் இல்லை பொருளும் இல்லை என்கிறீர்களா? மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு சலூன்காரத் தம்பி வருகிறார். அவர் கடைக்கு அன்று விடுமுறை. எல்லாருக்கும் முடி வெட்டி, சவரம் செய்து, நகமும் வெட்டிவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் தாத்தாக்கள் கண்ணாடி கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் நான் காகித வேலையைத்தான் கொடுப்பேன். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. அதை வாங்க ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், இ-சேவை மையத்தில் மனு போட வேண்டும். வயல்வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழாது, கண்ணை ஸ்கேன் செய்யச் சொல்லி நின்று வாதாட ஒரு ஆள் வேண்டும். கூடப் போகிறவர்கள் இருந்தால் ஒரு பாட்டிக்கு மாதாமாதம் அந்தப் பணம் கிடைக்கும். கண்புரைக்கும் இதே மாதிரிதான். அரவிந்த் கண் மருத்துவமனை முகாமில் பார்த்து, பஸ்ஸில் அழைத்துப் போய், இலவசமாக ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் முகாம் என்றைக்கு, எங்கே என்று விசாரித்து, அன்று காலையில் பாட்டியைக் கிளப்பிக் கூட்டிப்போக ஒரு கை வேண்டும்.

வந்து உட்கார்ந்து பேசுவதும் உதவிதான். "பிள்ளைங்க எல்லாம் எங்கே?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு ராத்திரி தூங்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், கண்மாயில் தண்ணி நிற்குமா, திருவிழாவில் என்ன கூத்து போடுவார்கள் என்று கேளுங்கள். நேரம் போவது தெரியாது. தட்டை வாங்கும் கையைப் போட்டோ எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அவர்களிடமே கேளுங்கள். எங்கள் ஆச்சி ஒருத்தி "இருய்யா, பொட்டு வச்சுக்கிறேன்" என்று உள்ளே போய்விடுவாள். முடியாது என்று சொல்கிறவர்களும் உண்டு.

கடைசியாக, பஸ் ஸ்டாண்டில் ஆதரவில்லாமல் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் கேட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு. போலீஸ் குறிப்பு இல்லாமல் நாங்கள் சேர்க்க முடியாது, நாளைக்கு அவர் பிள்ளைகள் தேடி வரலாம். அடிபட்டோ மயங்கியோ இருந்தால் 108. இல்லையென்றால் 14567, மூத்த குடிமக்கள் உதவி எண், காசு கிடையாது, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை எடுப்பார்கள். அவர்கள் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பெயரையும் ஊரையும் மெதுவாகக் கேட்டு வையுங்கள்.

சரி, எங்களுக்குப் போன் செய்வதானால் காலை பதினொரு மணிக்கு மேல் செய்யுங்கள். அதற்கு முன்னால் எல்லாரையும் குளிப்பாட்டிக்கொண்டிருப்போம், கை ஈரமாக இருக்கும்.