இரண்டு விரலா, அரைச் சாணா? பவளத் தொட்டிக்கு மணல் போடும் கணக்கு

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மாடியில் வீடு. கூடத்தில் நாலடி நீளத்துக்கு, உப்புத் தண்ணீரில் மீனும் பவளமும் வளர்க்கும் ஒரு கடல் தொட்டி இருக்கிறது. இங்கிருந்து கடலைப் பார்க்கச் சுமார் 200 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் மோட்டார் கொடுக்க வருகிறவர்கள்கூட மாடியேறி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன மாதம் ஒரு தொட்டி வாங்கினான். "மாமா, மணல் எவ்வளவு போடறது? ஒருத்தர் ஆறு இன்ச்சுங்கறார், இன்னொருத்தர் மணலே வேண்டாங்கறார்" என்று போனில் கேட்டான்.

"தண்ணி ஊத்திட்டியா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்பத் தப்பிச்ச."

தொட்டியில் எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். லைட், பம்பு, மீன், எல்லாம் மாறும். மணலின் ஆழம் மட்டும் அப்படியில்லை. ஒரு வருடம் ஓடிய ஆழமான மணலில் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு வருகிறேன். முதலில் அளவு.

விரல் கணக்கில் சொல்கிறேன். இரண்டு விரல் உயரம் என்றால் மூன்று, நாலு சென்டிமீட்டர். நாலு விரல் என்றால் ஏழு சென்டிமீட்டர். அரைச் சாண் என்றால் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர். ஆழமான மணல் என்று இந்தப் பொழுதுபோக்கில் சொல்வது இந்த அரைச் சாணையும் அதற்கு மேலும்தான்.

ஆழத்தால் என்ன லாபம்? மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அவை பாறையிலும் மணலின் மேல் தோலிலும் குடியிருக்கும். மேல்தட்டிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் கீழே இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விட்டுவிடும். கண்ணாடி ஓரம் மணலுக்குள் தெரிகிற சின்னக் குமிழிகள் பெரும்பாலும் அதுதான், பயப்பட வேண்டாம். அதற்கும் கீழே நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் சல்ஃபேட்டை உடைக்கிற கூட்டம் இருக்கிறது. கடல் நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் இருப்பதால் அந்தக் கூட்டத்துக்கு என்றும் பஞ்சமில்லை. அது விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூமுட்டை நாற்றம்.

1980களில் ஜோபேர் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் தொட்டியின் அடியில் சல்லடை வைத்து, கீழே தண்ணீர் தங்க இடைவெளி விட்டு, மேலே மணல் போட்டுப் பவளம் வளர்த்துக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் ரான் ஷிமெக் என்ற உயிரியலாளர் இடைவெளி வேண்டாம், நுண்மணலும் அதில் நெளியும் புழு பூச்சிகளும் இருந்தால் போதும் என்று எழுத, வீட்டுக்கு வீடு அரைச் சாண் மணல் வந்தது. நைட்ரேட் பூஜ்யமாக இருப்பதே பெருமை என்று நினைத்த காலம் அது. இன்று பவளத்துக்குக் கொஞ்சம் நைட்ரேட் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நான் 2 முதல் 10 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம், விட்டுவைக்கிறேன். அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நல்லதாக இருப்பதும் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவதும் அந்த அளவை நன்றாகவே பிடித்து நிறுத்தும். அதாவது எந்த வேலைக்காக ஆழமான மணல் வந்ததோ, அந்த வேலையே பாதியாகிவிட்டது.

இனி என் கதை. முதல் தொட்டியில் நான் போட்டது நாலு விரல். ஆழமும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்ற புத்தி. இரண்டுங்கெட்டான் ஆழம் அது. நைட்ரேட்டைத் தின்னும் அடுக்குக்குப் போதிய இடம் கிடையாது, டியூப் போட்டு உறிஞ்சிச் சுத்தம் செய்யலாம் என்றால் அடிவரை போக முடியாது. அழுக்கு மட்டும் பத்திரமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கார டேம்சல் மீன் ஒன்றைப் பிடிப்பதற்காகப் பாறையைத் தூக்கினேன். பாறைக்கு அடியில் மணல் தாரைப் போலக் கறுத்திருந்தது. பிடுங்கிய இடத்திலிருந்து ஒரு புகை போல எழுந்தது. கூடம் முழுக்க நாற்றம், என் மனைவி கேஸ் கசிகிறதா என்று சமையலறைக்கு ஓடினாள். மறுநாள் காலையில் இரண்டு கோமாளி மீனும் ஒரு இறாலும் போயிருந்தன. டேம்சல் மட்டும் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தது.

ஆகவே அக்கா மகனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். வீட்டுத் தொட்டியில் இரண்டு விரல் போடுங்கள். ஆழம் வேண்டுமானால் அதைத் தொட்டிக்கு வெளியே, ஒரு வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு விரல் மட்டும் கூடவே கூடாது.

எங்கள் ஊருக்கு இதில் தனிக் காரணமும் உண்டு. மணலில் இருக்கும் உயிர்கள் இரவு பகலாக ஆக்சிஜன் குடிக்கும், ஆழம் கூடினால் குடிப்பதும் கூடும். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே நாற்பது டிகிரியை வெயில் தொடும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அந்த நேரம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் நின்றால், வெறும் பாறைத் தொட்டி தாக்குப்பிடிக்கும், அரைச் சாண் மணல் போட்ட தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று, அலை கிளப்பும் மோட்டாருக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் ஒன்று, இவை இரண்டும் இல்லாமல் ஆழத்தை நினைக்காதீர்கள். ஓசூர்க்காரர்களுக்கு உயரத்தால் கொஞ்சம் குளிர்ச்சி, அந்த அளவுக்குச் சலுகை.

எடையையும் கணக்குப் போடுங்கள். என் தொட்டியின் அடி 120க்கு 45 சென்டிமீட்டர். பன்னிரண்டு சென்டிமீட்டர் மணல் என்றால் 65 லிட்டர், கிட்டத்தட்ட நூறு கிலோ. 25 கிலோ மூட்டை நாலு. இரண்டு விரல் என்றால் முப்பது கிலோவை ஒட்டி முடியும். மாடி வீட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

எந்த மணல்? அரகோனைட் மணல், அதாவது சுண்ணாம்பு வகை. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் பருமன் இரண்டு விரலுக்குச் சரி. மாவு போன்ற நுண்மணல் ஆழத்துக்குத்தான் பொருந்தும், மெல்லிய படுக்கையில் மோட்டார் அலைக்கே பறந்து பவளத்தின் மேல் உட்காரும். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றுங்கள், பொங்கினால் சுண்ணாம்பு மணல். இங்கே கிரானைட் குவாரிக்குப் பஞ்சமில்லை, எம்சாண்ட் மலிவு என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது உடைத்த கல், முனை கூர்மை, மணலில் புதையும் மீனின் வயிற்றைக் கீறும். தென்பெண்ணை மணலும் வேண்டாம். சிறு வயதில் ஆற்று மணலில் காந்தத்தை உருட்டி விளையாடியிருப்பீர்கள், கறுப்பாக முடி போல ஒட்டுமே, அது இரும்புத் தாது. அதோடு சேறு வேறு. கடற்கரை மணலையும் அள்ள வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டை விடு என்று சர்வ சாதாரணமாக எழுதியிருப்பார்கள். இங்கே கடல் அட்டையும், கல் பவளங்களும், கடல் விசிறியும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். என் தொட்டியில் இருப்பது பொத்தான் பாலிப், காளான் பவளம், தோல் பவளம் என்ற மென்மையான வகைகள்தான். மணலுக்கு நாசாரியஸ் நத்தை ஆறேழு போதும், தீனி வாசம் பட்டதும் மணலுக்குள்ளிருந்து தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எழும், அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். மணலைச் சலிக்கும் நட்சத்திர மீன் வேண்டாம். அது மணலில் உள்ள உயிர்களை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியில் சாகும்.

போடும் முறை எளிது. மணலை வாளியில் கொட்டிப் பால் தண்ணீர் போவது வரை அலசுங்கள். கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில் இருக்கட்டும். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டும், கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்கும் ஃப்ளோரைடு தொல்லை வேறு, ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். உப்புக் கரைக்கவும் ஆர்ஓ தண்ணீர்தான். பாறையை முதலில் கண்ணாடித் தரையில் நிறுத்துங்கள், அதற்கப்புறம் சுற்றி மணல் போடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால், குழி தோண்டும் கோபி மீன் ஒரு ராத்திரியில் அதைக் கண்ணாடி மேல் சாய்த்துவிடும். மணல் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கலங்காது. தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் பழைய மணல் வாங்கித் தூவுங்கள், புழு பூச்சி அதில் வந்துவிடும். வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது மணலில் மூன்றில் ஒரு பங்கை டியூபால் கிளறி உறிஞ்சுங்கள். மணலில் படுத்துத் தூங்கும் ராஸ் மீன் வளர்க்க ஆசையா? பாறைக்குப் பின்னால் பத்து சென்டிமீட்டர் உயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் மணல் நிரப்பி வையுங்கள், அது அங்கேயே போய்ப் படுக்கும்.

இப்போது வாளி. என் கடைப் புத்தி வேலை செய்த இடம் இதுதான். உணவுப் பொருள் வைக்கத் தகுந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, மூடியோடு. பெயின்ட் வாளி கூடாது. முக்கால் பாகம் நுண்மணல். சம்பிலிருந்து, வாசலில் இருக்கும் சம்ப் அல்ல, தொட்டிக்குக் கீழே வடிகட்டி இருக்கும் சம்ப், மேலேறும் பைப்பில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, வால்வு வைத்து, வாளிக்குள் விடுங்கள். ஸ்கிம்மர் கடந்து வந்த தெளிந்த தண்ணீர்தான் போக வேண்டும். வேகமாக மணலின் மேல் ஓடி மறுபக்கம் வெளியேற வேண்டும். மெதுவாகப் போனால் அழுக்கு அங்கே படிந்து, வாளியும் குப்பைக் கிடங்காகும். வெளியேறும் பைப் இரண்டு வையுங்கள், ஒன்றை நத்தை அடைத்தால் இன்னொன்று உங்கள் கூடத்தைக் காப்பாற்றும். மூடி போட்டு இருட்டில் வைத்தால் பாசி வராது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து நாறினால் வால்வை மூடி வாளியைத் தூக்கி வெளியே வைக்கலாம், மீனுக்குத் தெரியவே தெரியாது.

ஏற்கெனவே ஆழமாகப் போட்டுவிட்டவர்கள் ஒரே நாளில் அள்ளாதீர்கள். ஒவ்வொரு வாரமும் தண்ணீர் மாற்றும்போது உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மணலை டியூபால் உறிஞ்சி வெளியேற்றுங்கள், கலங்கிய தண்ணீரும் அதோடு போகட்டும். பாறையிலிருந்து தள்ளி இருக்கும் மூலையில் ஆரம்பியுங்கள், பாறைக்கு அடியில் உள்ளதைத் தொட வேண்டாம். அன்று ஏர் பம்பு ஓடட்டும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரித்தூள், அதாவது கார்பன், ஒரு பை தொங்கட்டும். எடுத்த மணலைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள், வருடக்கணக்கில் குடித்த பாஸ்ஃபேட்டை அது மெல்லக் கக்கும். எனக்கு மூன்று மாதம் ஆனது.

அக்கா மகன் இரண்டு விரல்தான் போட்டான். வாளியும் வால்வும் நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன். நேற்றுக் கேட்டேன், நைட்ரேட் ஐந்தில் நிற்கிறதாம். வால்வை இன்னும் திறக்கவேயில்லை.