ரயில் சலுகை கார்டு: பட்டுத் தெரிந்துகொண்ட சில தவறுகள்

போன வாரம் ஏற்காடு மலையில் இருக்கிற நாகலூரிலிருந்து ஒரு தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தக் கணவரின் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ரயில்வே கொடுக்கிற சலுகை கார்டு புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. உட்கார்ந்ததும் அந்தக் கணவர் கேட்டது, "அண்ணா, இனிமே எங்க வீட்டுல அஞ்சு பேருக்கும் டிக்கெட் கம்மியா விழும்ங்களா?"

சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சில வருடங்களுக்கு முன்னால் அப்பாவுக்கு அதே கார்டு வந்த அன்று நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். சேலம் சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் என்று எல்லாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் நான் செய்த அதே தப்பை ஒவ்வொருவரும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதி மாற்றிப் போடுவது, பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவை ஒரு தடவை பட்டால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குடும்பத்துக்கென்று கார்டு நம் ஊரில் கிடையாது

லண்டனில் இருக்கிற மச்சான் ஒரு கார்டு வைத்திருக்கிறார். வருடத்துக்கு 35 பவுண்டு. 4 பெரியவர்கள், 4 குழந்தைகள் வரை சேர்ந்து போகலாம், பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. இதைக் கேட்டுவிட்டு இங்கே அதுபோல ஒன்றைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நம் ரயில்வேயில் சலுகை ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அந்த லண்டன் கார்டும்கூட, கூடவே ஒரு குழந்தையாவது வந்தால்தான் செல்லும், பெரியவர்கள் மட்டும் போனால் செல்லாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

ஆள் வீட்டில், டிக்கெட் வண்டியில்

முதலில் சலுகை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பார்வை முழுக்க இல்லாதவருக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி போன்ற வகுப்புகளில் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50 சதவீதம் குறையும். துணைக்கு வருகிற ஒருவருக்கும் அதே அளவு. ஆனால் குறைவது அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான். முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம், ஏசி என்றால் ஜிஎஸ்டி, எல்லாம் முழுசாகத்தான் வரும், அதனால் 400 ரூபாய் டிக்கெட் நேராக 100 ரூபாய் ஆகிவிடாது. அப்படியும் பெரிய மிச்சம்தான்.

சென்னையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் அப்பாவுக்கும் எனக்கும் கார்டு வைத்து ஒரு டிக்கெட், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக முழு விலையில் ஒரு டிக்கெட் போட்டிருந்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: பேர்தான் ஏற்காடு, அந்த வண்டி மலை ஏறாது. ஏற்காட்டுக்கு ரயிலே கிடையாது.) கிளம்புகிற அன்று மத்தியானமே அப்பாவுக்குக் காய்ச்சல். தங்கை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்பாவும், "டிக்கெட் போட்டாச்சில்ல, அதை எதுக்கு வீணாக்கற, நீ போய்ட்டு வா" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. என் பெயர் டிக்கெட்டில் இருக்கிறது, பெர்த் உறுதியாகிவிட்டது, பணமும் கட்டியாகிவிட்டது, அப்பா இடம் காலியாகப் போனால் அது ரயில்வேக்கு லாபம்தானே என்று எனக்கு நானே ஒரு வக்கீல் வைத்துக்கொண்டேன்.

பொம்மிடி தாண்டியிருக்கும். டிடிஆர் வந்தார், பட்டியலைப் பார்த்தார், "அப்பா எங்க சார்?" என்றார். உடம்பு சரியில்லை, வரவில்லை என்றேன். "அப்ப நீங்க யாருக்குத் துணையா போறீங்க?"

அந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

துணைக்கு வருபவருக்குச் சலுகை கிடைப்பது, கார்டுக்காரர் கூடவே பயணம் செய்தால் மட்டும்தான். அவர் வண்டியில் இல்லையென்றால் என் கையில் இருப்பது செல்லாத டிக்கெட். சேலத்திலிருந்து முழுக் கட்டணம், அதன் மேல் அபராதம். அபராதம் என்பது அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அது. ஏசி பெட்டி என்பதால் ஆயிரத்துக்கு மேல் போனது. முந்தின பயணத்தில் கார்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் மொரப்பூர் வருவதற்குள் ரசீதாக மாறிவிட்டது. அந்த டிடிஆர் மேல் எனக்குக் கோபமே இல்லை, மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார். பக்கத்துப் பெர்த்துக்காரர்கள் எட்டிப் பார்த்ததும், கண் தெரியாத அப்பா பெயரை வைத்து ஏமாற்றுகிறவன் மாதிரி அந்தப் பெட்டியில் நான் உட்கார்ந்திருந்ததும்தான் இன்னும் உறுத்துகிறது. மண்டபத்தில் மனைவி கேட்டபோது 'லேட்டாயிடுச்சு, தூங்கிட்டேன்' என்று ஏதோ உளறினேன். ரசீது சட்டைப் பையில் கிடந்து இரண்டு நாளில் அகப்பட்டுவிட்டது, அது வேறு கதை.

செய்திருக்க வேண்டியது எளிது. காய்ச்சல் என்று தெரிந்த மத்தியானமே இரண்டு பேர் டிக்கெட்டையும் ரத்து செய்திருக்க வேண்டும். பிடித்தம் போக வந்ததை வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் பஸ்ஸோ, பகல் வண்டியில் பொதுப் பெட்டியோ பார்த்திருக்கலாம். நேரம் போகப் போகப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும், வண்டி கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டால் ஒன்றுமே திரும்பாது. அதனால் 'சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்' என்று இழுக்காதீர்கள்.

திரும்பி வருகிற டிக்கெட்டையும் மறக்காதீர்கள். போகும்போது அப்பா வரவில்லையென்றால் வரும்போதும் இருக்கப்போவதில்லை. இதை இந்த வருடம் மட்டும் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு பேருமே, "காசு குடுத்துத்தானேங்க வாங்கினோம்" என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன், டிடிஆரிடம்.

ஜெராக்ஸ்

போதாது. அசல் கார்டு கையில் இருக்க வேண்டும். ஏற்காடு மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இதைக் கூடுதலாகச் சொல்வேன். அடிவாரம் வந்தபிறகு கார்டு பீரோவிலேயே இருக்கிறது என்று ஞாபகம் வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு திரும்ப ஏற வேண்டும்.

தட்கலில் சலுகை

கிடையாது. காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மற்ற வகுப்புகள், எதில் போட்டாலும் முழு விலை, அதன் மேல் தட்கல் கட்டணம். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, கார்டு வைத்திருப்பவர்கள் அந்த நாளை காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது வயது ஆகிவிட்டதே

மூத்த குடிமக்கள் தள்ளுபடி, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஆதார் கார்டை நீட்டிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் உண்டு. அதுவும் பெரியவர்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் கிடைக்கும். தாத்தா பாட்டியைப் பேரப் பிள்ளைகளோடு சேர்த்து ஆறு பேராகப் போட்டால் அது போய்விடும். தனி டிக்கெட் போட்டால் இணையத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனிச் சேவைக் கட்டணம், யுபிஐயில் கட்டினால் ஏசிக்கு 20 ரூபாய், மற்றதுக்கு 10 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பாட்டியை நடுப் பெர்த்தில் ஏற்றுவதற்கு அந்தக் காசு எவ்வளவோ மேல்.

அரை டிக்கெட்

5 வயது முடிந்து 12 வயது ஆகாத பிள்ளைக்குப் பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், பெர்த் கேட்டால் பெரியவர் விலை. 2016 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். ராத்திரி வண்டியில் இரண்டு பிள்ளைகளுக்கும் பெர்த் இல்லாமல் போட்டு மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்படுகிறவர்கள், காலையில் எழும்பூரில் இறங்கும்போது யார் முதுகு நிமிரவில்லை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்படிச் செய்யலாம், அதுவும் சின்னவனுக்கு. வந்தே பாரத் மாதிரி உட்கார்ந்து போகிற பெட்டிகளில் இந்தப் பாதி விலை வழியே இல்லை, முழுசாகக் கட்ட வேண்டும்.

சீசன் டிக்கெட்டைத் தம்பிக்குக் கொடுப்பது

வேண்டாம். அதுவும் ஆளுக்குத்தான். ஈரோட்டுக்குத் தினமும் போகிறவர் என்றால் மூன்று மாதத்துக்கு எடுங்கள், 2.7 மாத விலைதான் வரும்.

வங்கி கொடுக்கிற ரயில் கிரெடிட் கார்டு

வருடத்துக்கு இரண்டு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு ஆண்டுக் கட்டணமே மிச்சத்தைத் தின்றுவிடும்.